பனை முறிந்த கதையும் அனத்தோத்து மனிதரும்

தாய்மண்ணைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் பெருமையை எழுதுவர். அன்றேல் அதற்குப் பிறர் இழைத்த கொடுமையை எழுதுவர். சொந்தச் சகோதரரே சொந்தச் சகோதரருக்கு இழைத்த தீங்கையும் சேர்த்து எழுதத் துணிவோர் அரியர். அவ்வாறு துணிந்த நூல்களுள் ஒன்று ‘முறிந்த பனை’. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் ஆங்கிலத்தில் எழுதி 1990இல் வெளிவந்த இந்நூல், பின்னர் தமிழுக்கும் வந்தது. ராஜன் ஹூல், சிறீதரன் ஆகிய இருவரும் கணிதம் கற்பித்தவர்கள். தயா சோமசுந்தரம் மனநல மருத்துவர். ராஜனி திராணகம உடற்கூற்றியல் துறையின் தலைவர். இலக்கியம் படைப்பது இந்நால்வருள் எவருடைய தொழிலும் அன்று.

கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் உள்ள ஈழ ஏதிலியர் முகாம்கள் நம் நெமிலிச்சேரியிலிருந்து வெகு தொலைவில் இல்லை. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் மக்கள் அங்குத் துணிமணி எடுத்துச் செல்வதுண்டு. கொடுத்துவிட்டு, ஒரு செபம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். உங்கள் ஊரில் என்னதான் நடந்தது என்று அமர்ந்து கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டதில்லை. இந்நூலை நான் கையில் எடுத்ததற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

தாய்நாட்டைப் பற்றி எழுதுவதன் இடர்ப்பாட்டை உணர்ந்த இன்னோர் அறிஞர் பாலஸ்தீனத்தின் எட்வர்ட் சயித். 1935இல் எருசலேமில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராய் வாழ்ந்து, 2003இல் மறைந்தவர். ஜான் மோர் என்பவர் எடுத்த பாலஸ்தீனியரின் நிழற்படங்கள் 1983இல் ஜெனீவாவில் ஓர் ஐ.நா. மாநாட்டில் வைக்கப்பட்டபோது, படங்களின் கீழ் ஊர்ப்பெயருக்கு மேல் எதுவும் எழுதலாகாது என்று தடை விதித்தார்கள். எழுதவிடாத அந்த வாசகங்களையே சயித் 1986இல் ஒரு நூலாக்கினார். தம் மக்களைக் குறிக்கையில் ஒரு பக்கத்தில் ‘நாம்’ என்பார்; அடுத்த பக்கத்தில் ‘அவர்கள்’ என்பார். அயலார் கண்ணால் எடுக்கப்பட்ட படத்தின் வழியாகவே தம் ஊரைக் காண வேண்டியிருந்தவருக்கு வேறு வழியில்லை. 1992இல் தம் பிறந்த வீட்டு வாசல்வரை சென்றவர், உள்ளே நுழைய மனம் வராமல் திரும்பினார். 1993ஆம் ஆண்டின் ஒஸ்லோ உடன்படிக்கையை அவர் கடிந்துரைத்தபோது, 1996இல் அவர் நூல்களை விற்கத் தடை செய்தது பாலஸ்தீன ஆட்சியமைப்பேதான்.

ராஜனியின் வழி வேறு. இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்த அவர் அங்கேயே தங்கியிருக்கலாம். இரு பெண் குழந்தைகளின் தாய் என்ற காரணம் ஒன்றே அதற்குப் போதும். ஆயினும் போர் நடக்கும் யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். ஒரு காலத்தில் விடுதலைப் புலிகளுக்கு ஆதரவாக உழைத்தவர் என்பதால் அவருடைய கண்டனம் வெளியாள் ஒருவரின் கண்டனம் அன்று. போர்க்காலத்துப் பெண்களைக் குறித்து அவர் எழுதிய பகுதியே, என் மதிப்பீட்டில், நூலின் இதயம். மானம் இழந்தவர், மகனை இழந்தவர், ஆயுதம் ஏந்திய ஆண்கள் முன் மன்றாடி நின்றவர் எனப் பெண்கள் வரிசையாய் வருகிறார்கள். எழுதியவர் அவர்களுக்காகக் கண்ணீர் சிந்திக் காட்டவில்லை. உடற்கூறு கற்பிப்பவரின் நிதானத்தோடு காயத்தின் இடத்தையும் ஆழத்தையும் குறிக்கிறார். நம் மறையுரைகளில் துன்பத்தை நாம் எடுத்துரைக்கும் விதத்தை எண்ணிக் கூசினேன்.

நூலில் குறை இல்லாமல் இல்லை. வரலாற்றுப் பகுதி இலங்கை அரசியலைப் பயின்றவருக்கே விளங்கும். நம் வாசகர் பல இடங்களில் திணறுவர். நான்கு கைகள் தைத்த ஆடையாதலால் தையல் வெளியே தெரிகிறது. சில பக்கங்களில் ஆராய்ச்சி திடீரென உபதேசமாகிறது. (உபதேசியாகவே காலம் கழிப்பவன் இதைக் குறை கூறுவது நகைப்புக்குரியதுதான்!)

நமக்கு மிகவும் கசக்கும் பகுதி, 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளன்று இந்திய அமைதிப் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டது பற்றியது. நோயாளரும் மருத்துவரும் தாதியரும் பணியாளருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குமுன் புலிகள் ஆயுதத்துடன் அங்கு வந்திருந்ததையும் நூலாசிரியர்கள் மறைக்கவில்லை. மக்கள் நடுவே நின்று சுட்டுவிட்டு அகல்வது, பதிலடியை மக்கள்மேல் விழச்செய்வது, பின்பு அப்பிணங்களையே சாட்சியமாக்குவது என்ற முறையை அவர்கள் பொறுமையாக விளக்குகிறார்கள். சுட்டவனின் பொறுப்பை அது குறைத்துவிடவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார்கள். இரண்டையும் ஒருங்கே சொல்வதால்தான் இந்நூலை எந்தக் கட்சியும் தன் மேடைக்கு எடுத்துச் செல்ல முடியவில்லை.

இறைவாக்கினர் எரேமியாவை நினையாமல் இதைப் படிக்க இயலவில்லை. அவரைக் கொல்லத் தேடியவர் பாபிலோனியர் அல்லர். அவருடைய சொந்த ஊராகிய அனத்தோத்து மக்களே. பகைவர் பக்கம் ஓடுகிறான் என்று குற்றஞ்சாட்டி அடித்துச் சிறையிட்டதும், சேறு நிறைந்த கிணற்றில் இறக்கியதும் எருசலேமின் தலைவர்கள்தாம். அப்படிப்பட்ட மனிதர், நகரம் முற்றுகையில் கிடந்து விழப்போகும் வேளையில், அதே அனத்தோத்தில் பதினேழு செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து ஒரு நிலம் வாங்குகிறார். தம் மண்ணைக் கடிந்தவருக்கு அம்மண்மேல் இருந்த பற்றை இதைவிட எப்படிக் காட்டுவது? ராஜனியின் திரும்பிவருகையை நான் அந்தக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கிறேன்.

ஆயினும் நூலின் தலைப்பு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. ஈசாயின் அடிமரத்திலிருந்து தளிர் தோன்றும் என்கிறது விவிலியம். பனைக்கு அந்தப் பேறு இல்லை. அதன் உயிர் உச்சிக் குருத்தில் மட்டுமே இருக்கிறது. எறிகணை தலையைக் கொய்துவிட்டால் அடியிலிருந்து எதுவும் துளிர்க்காது. இதனை அறிந்தே அந்நால்வரும் பெயர் வைத்தனரா, அறியேன்.

1989 செப்டம்பர் 21 அன்று மருத்துவபீடத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பிய ராஜனியைத் திருநெல்வேலியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. புலிகள்மீதே பலரும் குற்றஞ்சாட்டினர், எவரும் தண்டிக்கப்படவில்லை. நூல் அச்சில் வந்தபோது அதைக் காண அவர் இல்லை.

ஆவடி நமக்கு அருகில் இருப்பதால் படைத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் நம்மிடையே பலர். அமைதிப் படையில் சென்று வந்த ஒருவரிடம் இந்நூலைப் பற்றிப் பேசினேன். “சாமி, எங்களிலும் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதை யார் எழுதினார்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் நூலை அவரிடமே கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். மருத்துவமனையைப் பற்றிய பக்கத்தில், அடையாளத்துக்கு வைத்த அஞ்சலட்டை ஒன்று அப்படியே இருந்தது. அதற்கு அப்பால் படித்தாரா என்று நான் கேட்கவில்லை.