கலகமும் கலவரமும்

'ஒரே பொருள் தரும் வேறு சொல்லை எழுதுக' என்பது ஆங்கிலத் தேர்வுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் வினா. ஆசிரியர் பயிற்சி பெற்ற நாள் முதலாக எமக்கு இவ்வினா உவப்பாயிருந்ததில்லை. 'மியூட்டினி', 'ரயட்', 'அப்ரே' ஆகிய மூன்றுக்கும் 'கலகம்' என ஒரே பொருள் எழுதி, மனப்பாடம் செய்விப்போர் இன்றும் உளர். மாணவனும் எது முதலில் நினைவுக்கு வருகிறதோ அதை எழுதிவிடுகிறான். சிங்கப்பூரில் நிகழ்ந்தவற்றைக் கொண்டே இம்முறையின் குறையைக் காட்டலாம்.

1915 பிப்ரவரி 15ஆம் நாள், அலெக்சாண்டிரா பாசறையிலிருந்த 5ஆம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் தம் அதிகாரிகளுக்கு எதிராக ஆயுதம் எடுத்தனர். பின்னர் 47 பேர் ஊட்ரம் சிறைச்சாலை மதிலருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். இதற்குரிய சொல் 'மியூட்டினி'. படையிலோ கப்பலிலோ கட்டளைக்கு உட்பட்டோர் ஒன்றுகூடி அக்கட்டளையை மறுப்பதே அச்சொல்லின் உயிர்நிலை. கல்லெறிய வேண்டுமென்பதில்லை, அணிவகுப்புக்கு வரமாட்டோம் என ஒருமித்து மறுத்தாலே போதும். கடைத்தெருக் கூட்டம் எத்துணை ஆரவாரம் செய்யினும் அது 'மியூட்டினி' ஆகாது. ஆணையிட்டவன் பக்கமே நியாயம் என்னும் தீர்ப்பும் இச்சொல்லுக்குள் மறைந்து கிடக்கிறது. 1857இல் நிகழ்ந்ததை ஆங்கிலேயர் இச்சொல்லால் குறிக்க, 1909இல் வெளிவந்த தம் நூலில் சாவர்க்கர் அதனைச் சுதந்திரப் போர் என்றது இதனாலேதான்.

'ரயட்' பொதுமக்கள் கூட்டத்துக்கு உரியது. சட்டம் அதற்கு எண்ணிக்கையே வகுத்துள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி எழுந்தது சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம். ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சட்டவிரோதமாகக் கூடி, அக்கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினால் அது 'ரயட்'. பொதுவிடத்தில் இருவர் அடித்துக்கொண்டு அமைதியைக் குலைத்தாலும் போதும், அது 'அப்ரே'. முன்னதற்கு 7 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பின்னதற்குத் தண்டனை மிகக் குறைவு.

2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி மாண்டார். அதன்பின் கூட்டம் அப்பேருந்தையும் காவல் வண்டிகளையும் தாக்கிற்று. முன்னாள் நீதிபதி பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் பெயரிலேயே 'ரயட்' இடம்பெற்றது. நிகழ்ச்சிக்கு அச்சொல் பொருந்தும். ஆயின் அவ்விரவில் அங்கு நின்ற ஒவ்வொருவருக்கும் பொருந்துமா? முதலில் தண்டனை பெற்றவர் மீது சாட்டிய 'ரயட்' குற்றம், கலைந்து செல்லுமாறு காவலர் இட்ட ஆணைக்கு இணங்காமை எனக் குறைக்கப்பட்டது. விதிக்கப்பட்டது 15 வாரச் சிறை. தெருவும் இரவும் ஒன்றே. சொல் மாறவே தண்டனையும் மாறிற்று. மூன்றுக்கும் ஒரே பொருள் எழுதிக் கொடுக்கும் ஆசிரியர் இதனை ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1955இல் ஹாக் லீ பேருந்து நிறுவனத்தில் நிகழ்ந்ததோ இன்னொரு வகை. அது 'ஸ்டிரைக்' ஆகத் தொடங்கி மே 12ஆம் நாள் 'ரயட்' ஆக முற்றியது. இரு சொல்லும் மெய்யே. எந்த நாளைப் பேசுகிறோம் என்பதே வேறுபாடு.

தமிழில் சொல் இல்லையென்று சாக்குச் சொல்வதற்கும் இடமில்லை. 'மியூட்டினி'க்குப் படைக்கலகம், 'ரயட்'டுக்குக் கலவரம், 'அப்ரே'க்குக் கைகலப்பு எனப் பிரித்துக் கற்பிக்கலாம். வெறுங் 'கலகம்' இம்மூன்றுக்கும் போதாது. நாரதர் மூட்டுவதும் கலகந்தானே! 'கலவரம்' என்பதும் மனக்கலக்கத்தைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குவது. இடம் நோக்கியே ஆளவேண்டும். செய்தவர் யார், எத்தனை பேர், யாருக்கு எதிராக என்னும் மூன்று கேள்விகளை முதலில் கேட்கச் செய்து, பிறகு சொல்லைத் தேடவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் தடுமாறாது.

'டிஸ்டர்பன்ஸ்' என்றொரு சொல்லும் உண்டு. அதற்கு எண்ணிக்கையும் இல்லை, எதிராளியும் இல்லை. நடந்தது இன்னதென்று விளங்காத முதல் நாழிகையில் செய்தியாளருக்கு அது தக்க சொல். விசாரணை முடிந்த பின்னும் அதையே எழுதிக்கொண்டிருப்பது சோம்பல் அன்றி வேறில்லை.