விளம்பரப் பலகை சொல்லாத கணக்கு

"எஸ்.எஸ்.டி. மாற்றுங்கள், ஐந்து மடங்கு வேகம் பெறுங்கள்!" புளியங்குடிக் கடைத்தெருவில் ஒரு பலகை இப்படி அழைக்கிறது. இந்தக் கணக்கு சரிதானா?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அவ்வாண்டுகளின் கணினிகள் எங்கள் ஊர்ப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. "திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது, சார்" என்பார்கள் மாணவர்கள். கணினி கெட்டுவிடவில்லை, அதனுள் சுழலும் வன்தட்டுதான் பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம்.

பலகைக்காரர் வினாடிக்குச் சுமார் 100 மெகாபைட் தரும் வன்தட்டையும், 500-க்கு மேல் தரும் எஸ்.எஸ்.டி.யையும் ஒப்பிட்டு வகுத்திருக்கிறார். ஆனால் பழைய கணினிகள் சிலவற்றின் இணைப்புப் பாதை 300 மெகாபைட்டுக்கு மேல் விடாது. அவற்றில் ஐந்து மடங்கு கிட்டாது.

இன்னொரு பக்கம், அவர் குறைத்தும் சொல்லிவிட்டார்! எங்கள் எலுமிச்சைச் சந்தையில் ஒரே குவியலிலிருந்து ஆயிரம் காய்களை அள்ளுவது ஒரு வேலை. நூறு கடைகளில் கடைக்குப் பத்தாகப் பொறுக்குவது வேறு வேலை. பின்னதில் நேரத்தைத் தின்பது கையன்று, கால். கணினி திறக்கும்போது நடப்பது இந்தப் பொறுக்கும் வேலையே. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி ஆகும். வேண்டிய இடம் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். படிக்கும் முனை நகரும் நேரத்தையும் கூட்டினால் 17 மில்லிவினாடி ஆகிவிடும். ஆக, வினாடிக்கு அறுபது துணுக்குகள்கூடத் தேறா. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. மின்காப்புச் சுவருக்குள் சிறைப்பட்ட எலெக்ட்ரான்களே அங்கு செய்தி. ஒரு துணுக்கை எடுக்க மில்லிவினாடியில் பத்திலொரு பங்கு போதும். இங்கே ஆதாயம் நூறு மடங்குக்கும் மேல்!

செயலியின் வேகமோ ராமின் அளவோ இதனால் கூடாது. நீண்ட கணக்கைப் போடும் நிரல் முன்போலவே ஊர்ந்து செல்லும். பலகை இதைச் சொல்வதில்லை.

என் வருத்தம் வேறொன்றில். சிறைப்பட்ட மின்னூட்டம் மெல்லக் கசியும். மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பரணில் போட்டால் பதிவுகள் அழியக்கூடும். வன்தட்டு பழுதாகுமுன் பல வேளைகளில் கடகடவென முனகி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றியே நின்றுவிடலாம். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்படித்தான் தம் செய்முறைக் குறிப்புகள் முழுவதையும் இழந்தார்.

ஆகவே மாற்றுகிறவர்கள் கழற்றிய வன்தட்டைக் கடையிலேயே விட்டுவிட வேண்டாம். சில நூறு ரூபாய் விலையுள்ள வெளிக்கூடு ஒன்றில் பொருத்தி யு.எஸ்.பி. வழியாக இணைத்தால், கோப்புகளின் மறுபடியை அதில் வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு அதன் வேகம் தாராளம்.