மண்ணில் பிடித்த முகங்கள்

நலிந்தவனைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை. நாற்காலியைப் பார்த்துச் சிரிப்பது கலை! பிரெஞ்சு நாட்டுக் கேலி உருவங்களை எடைபோட நாம் ஏந்தும் துலாக்கோல் இதுவே.

1830 சூலையில் பாரிசு மக்கள் குருதி சிந்தி ஒரு மன்னனை விரட்டினர். அடுத்து வந்த லூயி பிலிப், குடிமக்களின் மன்னன் எனப் பெயர் பெற்றான். பெயர் மாறிற்று, பிடி தளர்ந்ததா? இல்லை! கேலி இதழ் நடத்திய பிலிப்போனை 1831-இல் கூண்டிலேற்றினர். அவர் அங்கேயே நான்கு படங்கள் வரைந்தார். முதற்படம் மன்னனின் முகம். நான்காவது வெறும் பேரிக்காய்! எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது? தண்டனை கிடைத்தது; ஆயினும் பாரிசின் சுவரெல்லாம் பேரிக்காய் காய்த்தது.

அவர் இதழில் வரைந்தவர் ஓனோரே தோமியே; கண்ணாடி பொருத்தும் தொழிலாளியின் மகன். மக்கள் பணத்தை விழுங்கும் பூதமாக மன்னனைத் தீட்டியதற்கு ஆறு திங்கள் சிறைத் தண்டனை பெற்றார். அஞ்சினாரா? ஆட்சியாளரின் தலைகளைக் களிமண்ணில் பிடித்து வண்ணம் பூசினார். அமைச்சர் தார்கூவின் மூக்கு முகத்தையே ஆள்கிறது. எஞ்சிய 36 தலைகள் இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. பதவி போயிற்று, பட்டம் போயிற்று. சுடாத மண் நிற்கிறது!

1834-இல் அம்முகங்களையே ‘சட்டமன்றத்தின் வயிறு’ என்னும் படத்தில் வரிசையாய் அமர்த்தினார். மறு ஆண்டே புதுச் சட்டம் பிறந்தது. எழுத்துக்கு முன் அனுமதி வேண்டியதில்லை. படத்துக்கு வேண்டும் என்றது. எழுத்தறியாதவனும் படத்தைப் படிப்பான் அல்லவா? அந்த அச்சமே ஓவியனுக்குக் கிடைத்த நற்சான்று.

ஆனால் புகழ்ந்துவிட்டு அமைவது திறனாய்வு ஆகாது. 1844-இல் அதே தோமியே, எழுதுகோல் ஏந்திய பெண்களை எள்ளி நாற்பது படங்கள் தீட்டினார். ஒன்றில் தாய் எழுத்தில் ஆழ்ந்திருக்கிறாள். குழந்தையோ தொட்டி நீரில் தலைகீழாய்க் கிடக்கிறது. கோடு அதே கோடு. கைத்திறன் அதே கைத்திறன். ஆயினும் நம் முகத்தில் சிரிப்பு எழவில்லை. அப்பெண்ணிடம் அரியணை உண்டா? சிறைச்சாலை உண்டா? எழுத ஒரு நாழிகை மட்டுமே கேட்டாள்!

கோணிய மூக்கில் இல்லை கேலியின் பெருமை. அது குறிபார்க்கும் திசையில் இருக்கிறது. மன்னனை மண்ணாக்கிய கையை வணங்குவோம். மங்கையை இகழ்ந்தபோது அக்கை தவறிற்று என்பதையும் அஞ்சாது சொல்வோம். தோமியே நமக்குக் கற்பித்த துணிவே அது!