கைலியைப் பார்க்கத் தெரிய வேண்டும்

காஞ்சிப் பட்டைப் பார்த்து வாய் பிளக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேட்டிக்குத் தனியாக ஒரு தினமே வைத்து விளம்பரம் செய்கிறார்கள். கைலியைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. கட்டிக்கொண்டிருப்பவரைப் படம் எடுக்கப் போனால்கூட, "இரு தம்பி, வேட்டி மாத்திட்டு வந்துடுறேன்" என்று உள்ளே போய்விடுகிறார். உண்மையில் அவர் மாற்றப்போகும் வேட்டியைவிட, கழற்றப்போகும் கைலியில்தான் பார்க்க விஷயம் அதிகம்.

பார்த்துப் பழக நல்ல இடம், காரைக்கால் கடற்கரையில் இருக்கும் கிளிஞ்சல்மேடு. மீனவர் ஊர். வெயில் தாழ்ந்த பிறகு கரைக்குப் போங்கள். பைபர் போட்டுகள் மணலில் ஏறியிருக்கும். கடலுக்குள் டிரவுசரோடு நின்றவர்கள் கரையேறிக் குளித்துக் கைலிக்கு மாறியிருப்பார்கள். முதலில் நிறத்தையும் கட்டத்தையும் பார்க்காதீர்கள். கைலி எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

கணுக்கால் வரை தொங்கினால் ஆள் ஓய்வில் இருக்கிறார், அல்லது பெரியவர் யாரோ எதிரில் இருக்கிறார். முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தால் வேலை. வலை பழுது பார்க்கிறவரைக் கவனியுங்கள். மணலில் உட்கார்ந்து, வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். கைலி மொத்தமும் தொடைகளுக்கு நடுவே சுருண்டு அடங்கியிருக்கும். ஊசி போய் வரும் வழியில் துணியின் ஒரு நுனிகூடக் குறுக்கே வராது. அந்த நேரம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கடந்து போனால், பேச்சும் ஊசியும் நிற்காமலே உட்கார்ந்திருப்பவருடைய இடது கை கைலியைத் தட்டி முழங்காலை மூடும். நின்றுகொண்டிருப்பவராக இருந்தால் மடித்துக் கட்டியதைச் சட்டென்று அவிழ்த்துவிடுவார். வணக்கம் சொல்வதற்கு முன்னால் சொல்லப்படும் வணக்கம் இதுதான். ஊர்ப் பஞ்சாயத்துக்குச் செல்வாக்குள்ள மீனவர் ஊர்களில் இந்தப் பழக்கம் லேசில் விடாது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. "மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்துட்டான்" என்றால் சண்டைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். ஒரே மடிப்புதான், வேலைக்கும் ஆகும், வம்புக்கும் ஆகும். எது என்பதை மடிக்கும் வேகத்தில் தெரிந்துகொள்ளலாம். கை தேர்ந்தவர்கள் குனிவதே இல்லை. குதிகாலால் கீழ் விளிம்பைப் பின்பக்கமாக ஓர் எத்து எத்துவார்கள். மேலே வரும் விளிம்பைக் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். இதை நின்று பார்ப்பதற்கென்றே ஒரு டீ சொல்லிக்கொண்டு உட்காரலாம்.

வேட்டியிடம் இல்லாத ஒரு சௌகரியம் கைலியிடம் இருக்கிறது. இரண்டு மீட்டரை ஒட்டிய துணியை இரண்டு முனையும் சேர்த்து மூட்டிவிடுவதால் அது குழாய் ஆகிவிடுகிறது. இந்தத் தையல் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம். மேல் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஊர் நடுவில் நின்று ஈர உடை மாற்றலாம். ராத்திரி கொசு வந்தால் தலைவரை இழுத்துவிட்டுக் கால்களை உள்ளே மடக்கிக்கொள்ளலாம். அவிழ்ந்து விழுமோ என்ற பயம் குறைவு. கட்டுவதும் எளிது: இடுப்பில் மிஞ்சும் துணியை இரண்டு பக்கமும் இழுத்து முன்னால் மடித்து, ஒன்றின்மேல் ஒன்று போட்டுச் சொருகி, மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் முடிந்தது. அரைஞாண் கயிறே போதும் என்பவர் உண்டு. பச்சை பெல்ட் போட்டு இறுக்கி, அதன் பையில் பணமும் சாவியும் வைத்துக்கொள்ளும் வியாபாரிகளும் உண்டு.

இப்போது கடைக்கு வாருங்கள். காரைக்கால் கடைத்தெருவில் "பாய், நல்ல கைலியா காட்டுங்க" என்று கேட்டால் திரும்பி வரும் முதல் கேள்வி, "மூட்டுனதா, மூட்டாததா தம்பி?" மூட்டாததை வாங்கித் தையற்காரரிடம் கொடுப்பது நல்லது. மூட்டியதை எடுத்தால், தையலில் கட்டம் கட்டத்தோடு சேருகிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் தைத்தவருக்குப் பொறுமை இருந்திருக்கிறது. அடுத்து துணியைத் திருப்புங்கள். சாயம் ஏற்றிய நூலில் நெய்தது என்றால் உள்ளும் புறமும் ஒரே நிறம். மேலே அச்சிட்டது என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். பிறகு கரை. கைத்தறியில் துணி சுருங்காமல் இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசி முனைகள் கரையோரம் பொடித் துளைகளாகத் தெரியும். நான் அதைத்தான் முதலில் தேடுவேன். விறைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கஞ்சி. குடியாத்தத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் வரும் கைத்தறிக் கைலிக்கு நல்ல பெயர் உண்டு. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலில் லுங்கியும் இருக்கிறது. அப்படியும் விசைத்தறி லுங்கி கடை கடையாகக் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இந்தக் கட்டம் போட்ட துணிக்குக் கடல் தாண்டிய கதை உண்டு. மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட சாரோங்குக்கு இன்றைக்கும் 'காயின் பெலேக்காட்' என்றுதான் பெயர். பெலேக்காட் என்பது நம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய் வாசனைப் பொருளுக்கு மாற்றினார்கள். 1690-ல் தலைமையிடத்தை அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து பார்த்தால் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். இங்கிருந்து போனது பிற்பாடு திரும்பியும் வந்தது. ரஜூலா கப்பலிலும், பிறகு 1985-ல் தீப்பிடிக்கும் வரை ஓடிய சிதம்பரம் கப்பலிலும் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் வந்து இறங்கிய சபுராளிகளின், அதாவது கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போய் வந்தவர்களின், பெட்டியில் கைலி இல்லாமல் இருக்காது. ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்குப் பூப்போட்ட பத்திக். மலாய்க்காரர் கைலியில் ஒரு பகுதி மட்டும் கட்டம் மாறி அடர்த்தியாக இருக்கும். ஆண்கள் அதைப் பின்பக்கம் வரும்படி கட்டுவார்கள். நம்மவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. அடுத்த முறை பத்துப் பேர் நிற்கும் இடத்தில் கவனித்துப் பாருங்கள். பத்தும் பத்து திசையில் இருக்கும்.

பெயரிலும் கரைக்குக் கரை வித்தியாசம். காரைக்காலில் கைலி. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் சாரம். பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்திலும் சாரம்தான். மலாயின் சாரோங் அங்கே அப்படி ஒட்டிக்கொண்டது. சென்னையில் லுங்கி. பர்மாவில் லோன்ஜி, அங்கே ஆண்கள் முடிச்சை நடு வயிற்றில் போடுவார்கள், பெண்கள் பக்கவாட்டில் சொருகுவார்கள். சொல்லை வைத்தே ஆளின் ஊரை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். ஆனால் சென்னையில் 'லுங்கி' என்று சொல்லும்போது ஒரு ஏளனம் சேர்ந்துகொள்கிறது. "லுங்கி கட்டிக்கிட்டா வர்றது?" என்பார்கள். அதையே இங்கே பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை வெள்ளைக் கைலி கட்டி நிற்பவரிடம் யாரும் கேட்க முடியாது. துணி ஒன்றேதான். கட்டும் இடமும் ஆளும் மாறினால் மரியாதையும் மாறிவிடுகிறது.

2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. பெரிய சத்தம் எழுந்து, அதே ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் அதைத் தடுக்கச் சட்டமே போட்டது. கைலிக்காக இங்கே யாரும் அப்படிக் கிளம்பியதாகத் தெரியவில்லை. கட்டுகிறவர்களும் கிளப்புக்குப் போகிறவர்கள் இல்லை என்று விட்டுவிடலாம்தான். ஆனாலும் கைலியோடு வங்கிக்கோ தாலுகா ஆபீசுக்கோ போகத் தயங்கி, வேட்டி தேடி வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் கிளிஞ்சல்மேட்டில் மட்டுமா இருக்கிறார்கள்?

வாங்கிய கைலியை உடனே எடைபோட்டுவிடாதீர்கள். சாயம் கொஞ்சம் இறங்கும். 1960-களில் இப்படிச் சாயம் போகும் மெட்ராஸ் கட்டத்தை அமெரிக்காவில் அதுவே சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். நமக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. கஞ்சி போய், இழை தளர்ந்து, இடுப்புக்கு அடங்கி நிற்க ஏழெட்டுத் தோய்ப்பு ஆகும். அதன்பிறகு கட்டிப் பார்த்துவிட்டு நல்லதா இல்லையா என்று சொல்லுங்கள். அதுவரை தனி வாளியில் ஊறவையுங்கள். வெள்ளை வேட்டியை அந்த வாளிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.