அறிவுரை சொன்ன பிறகு

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் புகையிலையைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் சுரங்கத் தூசியைப் பற்றிப் பேசியாக வேண்டும். சிலிக்கா தூசியால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய்க்காக மைசூர் அரசு 1940-லேயே தனி விதிகள் வகுத்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் தூசி படிந்த நெஞ்சோடு, சுரங்கத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளிலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. அந்த நெஞ்சில் பீடிப் புகையும் சேர்ந்தால் காசநோயும் மூச்சிரைப்பும் இன்னும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். புகையிலைக் கட்டுப்பாட்டைக் கற்பிக்க இதைவிடத் தேவையுள்ள ஊர் கிடைப்பது அரிது.

கற்பிக்கும் ஏற்பாடு தாளில் நன்றாகவே இருக்கிறது. 2007-08-இல் தொடங்கிய தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் சட்டமும் பணமும் சுகாதாரத் துறையிடம். ஆசிரியர்களும் மாணவர்களும் கல்லூரிகளிடம். கோலாரை அடுத்த தமகாவில் ஸ்ரீ தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரி, தங்கவயலிலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரி. முன்மாதிரியும் உண்டு. அரிசோனா பல்கலைக்கழகமும் திருவனந்தபுரத்தின் அச்சுத மேனன் சுகாதார அறிவியல் ஆய்வு மையமும் சேர்ந்து, கேரள, கர்நாடக மருத்துவக் கல்லூரிகளில் புகையிலையை ஒற்றை விரிவுரையோடு முடிக்காமல் பல பாடங்களுக்குள்ளும் கொண்டுபோயின. இதயம் படிக்கும்போதும் புகையிலை, காசநோய் படிக்கும்போதும் புகையிலை. இந்த முறையின் பெரிய பலம் அதுதான்.

இன்னொரு பலம் பல் மருத்துவரின் நாற்காலி. பல் மருத்துவக் கல்லூரிகளில் புகையிலை நிறுத்த மையம் அமைக்க 2018-இல் வழிகாட்டுதல் வந்தது. கோலார் வட்டாரத்தில் வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பெண்கள் ஏராளம். இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கும் வழக்கமும் உண்டு. கன்னப் புற்று வருவது அதே இடத்தில்தான். புற்றுக்கு முன் அங்கே தோன்றும் வெள்ளைத் திட்டைக் கண்ணாடியில் காட்டி ஒரு மாணவி சொல்லும் இரண்டு வார்த்தைக்கு நூறு சுவரொட்டிகள் ஈடாகா.

குறை இதற்கப்புறம்தான் தொடங்குகிறது. 2016-17-இன் தேசியப் புகையிலை ஆய்வில், மருத்துவரிடம் போன புகைபிடிப்பவர்களில் 48.8 விழுக்காட்டினருக்கு 'விட்டுவிடுங்கள்' என்ற அறிவுரை கிடைத்தது, மெல்லுபவர்களில் 31.7 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. நாட்டில் புகைப்பவர்களைவிட மெல்லுபவர்களே இரு மடங்கு. சிகரெட்டை எதிரியாகக் காட்டும் பாடம் வெற்றிலைப் பையைத் தாண்டிப் போய்விடுகிறது.

கேள், அறிவுறுத்து, மனநிலை அறி, உதவு, தொடர்ந்து பார் என்று ஐந்து படிகள் கற்பிக்கிறார்கள். முகாமில் முதல் இரண்டு நடந்துவிடும். ஐந்தாவது படிக்குள் மாணவரின் பணிக்காலம் முடிந்து வேறு அணி வந்திருக்கும். ஒவ்வொரு மருத்துவ மாணவரும் சில குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடரும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இதற்கு நல்ல மருந்து. ஆனால் அது கிராமங்களுக்கானது, நகராட்சி எல்லைக்குள் கிடக்கும் சுரங்க லைன்கள் கணக்கில் வரா. மொழியும் ஒரு தடை. வெளியூர் மாணவர் கன்னடத்தை ஒப்பேற்றிவிடுவார், லைனில் இருக்கும் பாட்டியோ தமிழில்தான் மனம்விட்டுப் பேசுவார்.

சுகாதாரத் துறையின் அளவுகோலும் கோணல். எத்தனை முகாம், எத்தனை உறுதிமொழி, எத்தனை அபராதம் என்று எண்ணுகிறார்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் உண்மையில் விட்டிருக்கிறார்கள் என்பதே எண்ண வேண்டியது.

சுகாதாரத் துறையும் கல்லூரிகளும் சேர்ந்த இந்தக் கூட்டணியைக் கைவிடச் சொல்லவில்லை. அதன் பாடத்திட்டத்தில் ஆறாம் மாதத்தைச் சேர்க்கச் சொல்கிறேன். மாணவர் மாறினாலும் பெயர்ப் பதிவேடு அந்தப் பகுதியின் ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் இருக்கட்டும், தங்கவயல் லைன்களும் தத்தெடுப்புக்குள் வரட்டும். அதுவரை, விட நினைப்பவர்கள் சிகரெட், பீடி அட்டையில் அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.