கொல்லைப்புற ஷெட்

சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கம் பழைய தனி வீட்டைப் புதுப்பிக்க வரும் மேஸ்திரி முதலில் கை நீட்டுவது கொல்லைப்புற ஷெட்டைத்தான். "இதை எடுத்துடலாம் சார், ஒரு கார் நிக்கும்." தலையாட்டுவதற்கு முன் கூரையைப் பாருங்கள்.

மங்களூர் ஓடு என்றால் நான் ஷெட் கட்சி. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழி வந்த ஓடு அது. ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் கவ்வி உட்காரும். உடைந்ததை மட்டும் உருவி மாற்றலாம். சூடு இடுக்கு வழியே வெளியேறிவிடும். உள்ளே போர் மோட்டார், கடப்பாரை, தேங்காய் மட்டை, யாரும் ஓட்டாத சைக்கிள்; இவற்றை வேறெங்கே வைப்பார்களாம்? ரீப்பர் செல்லரித்திருந்தால் அதை மாற்றினால் போதும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் பேச்சே வேறு, எடுத்துவிடுங்கள். ஆனால் சுத்தியல் வேண்டாம். உடைத்தால் கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து, துருப்பிடித்த ஜே போல்ட்டைக் கழற்றி, ஷீட்டை முழுசாக இறக்கச் சொல்லுங்கள். சுவர் திடமாக இருந்தால் அதன்மேல் ஓடு போடலாம். வேலையாட்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு.