பவர்வால் 2: ஊருக்கு இரண்டரை யூனிட் போதும்

டெஸ்லாவின் பவர்வால் 2-ஐ வெறும் வீட்டு பேட்டரியாகப் பார்த்தால் விமர்சனம் சீக்கிரம் முடிந்துவிடும். பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 13.5 யூனிட். தொடர்ந்து 5 கிலோவாட் வரை கொடுக்கும். உள்ளே போகும் 10 யூனிட்டில் ஏறக்குறைய 9 திரும்பி வரும். எடை 100 கிலோவுக்கு மேல் என்பதால் மாட்டும் சுவர் வலுவாக இருக்க வேண்டும். செயலி எளிமையானது: கூரை, வீடு, பேட்டரி, வெளிக்கம்பி என நான்கு படங்கள்; மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை நகரும் கோடுகள் காட்டும். கூரைத் தகடுகளின் இன்வெர்ட்டரையும் உள்ளடக்கிய பவர்வால் 3 வந்துவிட்டது, ஆனால் அதன் கொள்ளளவும் அதே 13.5-தான். இவ்வளவும் விற்பனைத் தாளிலேயே இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் இந்தப் பெட்டி இன்னொரு வேலையும் செய்கிறது. ஆயிரக்கணக்கான வீட்டு பேட்டரிகளை மென்பொருளால் கோத்து ஒரே மின்நிலையம்போல் இயக்கும் மெய்நிகர் மின்நிலையத்தில் இது ஓர் உறுப்பு. 50,000 வீடுகள், 250 மெகாவாட் என்ற இலக்கோடு 2018 பிப்ரவரியில் அந்த மாநில அரசு அறிவித்த திட்டம் அது. இலக்கு இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது. ஆனாலும் அப்படியொரு திட்டத்தில் சேரலாமா, எந்த நிபந்தனையில் சேரலாம் என்பதற்கான விடை அதன் அனுபவத்திலேயே கிடைக்கிறது. மின்கட்டமைப்புக்கு நம் பேட்டரியிலிருந்து தேவைப்படுவது மிகக் கொஞ்சம். அதைவிட அதிகம் கேட்கும் ஒப்பந்தம் வேறு யாருக்கோ லாபம் தேடுகிறது.

மெய்நிகர் மின்நிலையம் இரண்டு வகையில் வேலை செய்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி சந்தேகங்கள் எழுகின்றன. முதலாவது விநாடிக் கணக்கு. மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓட வேண்டும். எங்காவது பெரிய நிலையம் ஒன்று திடீரென நின்றுவிட்டால் அது சரியும். 2019 அக்டோபர் 9 அன்று குயின்ஸ்லாந்தின் கோகன் க்ரீக் நிலக்கரி நிலையம் 748 மெகாவாட்டோடு நின்றபோது, இயல்பான நிலையில் 49.85-க்குக் கீழே போகக்கூடாத அதிர்வெண் 49.61 வரை இறங்கியது. மாநில எல்லைகளுக்கு அப்பால் தெற்கு ஆஸ்திரேலிய வீடுகளில் இருந்த பவர்வால்கள் அந்தச் சரிவை உணர்ந்து மின்சாரத்தை வெளியே தள்ளின. இதற்கு யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. பேட்டரியே அதிர்வெண்ணை அளந்து தானாக எதிர்வினை காட்டும். மேகக்கணினியின் வேலை அந்தத் திறனை முன்கூட்டியே தயார்நிலையில் வைப்பதும், பிறகு கணக்குப் பார்ப்பதும்தான். இந்தச் சேவைக்கான கட்டணம் பெரும்பாலும் தயாராக நிற்பதற்கே கிடைக்கிறது. செலவாகும் மின்சாரம் அற்பம். பத்து நிமிடம் முழு வேகத்தில் கொடுத்தாலும் ஒரு யூனிட்கூட ஆகாது. இரண்டாவது மணிக் கணக்கு. மாலையில் தேவை உச்சத்தைத் தொட்டு சந்தை விலை எகிறும்போது, இணையம் வழியாகக் கட்டளை வந்து பேட்டரி காலியாகும். வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

எவ்வளவு காலியாக வேண்டும்? 2017 பிப்ரவரி 8-ஐ எடுத்துக்கொள்வோம். கடும் வெயில் நாள், மாலை ஆறு மணி தாண்டியதும் தெற்கு ஆஸ்திரேலியாவில் மின்சாரம் போதவில்லை. 100 மெகாவாட் சுமையைக் குறைக்கும்படி சந்தை இயக்குநரான ஏஇஎம்ஓ உத்தரவிட்டது. விநியோக நிறுவனத்தின் மென்பொருள் கோளாறால் அதைப்போல் மூன்று மடங்கு வெட்டப்பட்டு, சுமார் 90,000 வீடுகள் ஏறக்குறைய அரை மணி நேரம் இருட்டில் கிடந்தன. கோளாறை விட்டுவிட்டு உண்மையான பற்றாக்குறையை மட்டும் பார்த்தால், 100 மெகாவாட் என்பது 20,000 பவர்வால்கள் தலா 5 கிலோவாட் கொடுத்தால் கிடைப்பது. அரை மணி நேரத்துக்கு ஒரு வீட்டின் பங்கு இரண்டரை யூனிட், அதாவது நிறைந்த பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்தில் வீட்டு ஏசியே இரண்டு கிலோவாட் இழுக்குமே என்று கேட்கலாம். இழுக்கட்டும், அதுவும் கட்டமைப்பின் தலையிலிருந்து இறங்கிய சுமைதான். திட்டத்தில் சேராத பேட்டரி தன் வீட்டைத் தாங்குவதோடு நின்றுவிடும். மீதி மூன்று கிலோவாட் உள்ளேயே பூட்டிக் கிடக்கும். அதைத் திறப்பதற்குத்தான் மெய்நிகர் மின்நிலையம்.

அந்தக் கொஞ்சத்துக்கு என்ன விலை? ஆஸ்திரேலியாவின் கிழக்குச் சந்தையில் 2024-25-க்கான உச்சவரம்பு ஒரு மெகாவாட் மணிக்கு 17,500 டாலர், அதாவது யூனிட்டுக்கு பதினேழரை டாலர். அதே யூனிட்டை நண்பகலில் கூரையிலிருந்து விற்றால் சில சென்ட்தான் தேறும். சில நாட்களில் நண்பகல் மொத்த விலை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. உச்சவரம்பை விலை தொடும் நேரம் ஆண்டில் மிகக் குறைவு, ஆனால் மெய்நிகர் மின்நிலையம் நடத்துபவரின் வருமானத்துக்கு அந்தச் சில மணிகள் முக்கியமானவை. எனவே பலன் யூனிட் கணக்கில் வருகிறதா, மாதம் ஒரு நிலையான தள்ளுபடியாக வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2022-இல் டெஸ்லாவும் மின்நிறுவனமான பிஜி அண்டு இ-யும் நடத்திய அவசரகாலத் திட்டம் யூனிட்டுக்கு 2 டாலர் கொடுத்தது. கொடுத்த அளவுக்குக் காசு என்பதால் யாருக்கும் குழப்பமில்லை. ஏலச்சீட்டில் சேருபவர் தொகையைக் கேட்கும் முன் நடத்துபவர் யார், கழிவு எவ்வளவு என்று விசாரிப்பார். இங்கும் அதே விசாரிப்பு வேண்டும்.

பேட்டரி தேய்ந்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. பவர்வால் 2-இன் பத்தாண்டு உத்தரவாதத்தில் இரண்டு கணக்குகள் உண்டு. கூரை மின்சாரத்தைச் சேமித்து வீட்டுக்கே பயன்படுத்தினால் சுழற்சிக்கு வரம்பில்லை. வேறு பயன்பாடு என்றால் மொத்தம் 37,800 யூனிட் என்ற வரம்பு வந்துவிடுகிறது. தினமும் முழுதாக நிரப்பிக் காலி செய்து வியாபாரம் பார்த்தால் எட்டு ஆண்டுக்குள் அது தீர்ந்துவிடும். ஆண்டுக்கு முப்பது மாலைகள் தலா ஐந்து யூனிட் என்று வைத்தால், பத்தாண்டில் 1,500 யூனிட்தான். ஆகவே தேய்மானம் பேட்டரியைப் பொறுத்ததல்ல, அதை எவ்வளவு அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் எத்தனை முறை என்று எழுதித் தராத ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. விலை எகிறும் மாலையும் மின்வெட்டு வரக்கூடிய மாலையும் பெரும்பாலும் ஒன்றுதான். ஊருக்குக் கொடுத்து முடித்த பேட்டரி, கம்பி செத்த பிறகு வீட்டுக்கு உதவாது. இதை மழுப்ப முடியாது. பதில் செயலியில் இருக்கும் ஒரு சின்ன கட்டைதான்: மின்வெட்டுக்கான கையிருப்பு எத்தனை சதவீதம் என்று அதில் நகர்த்தி வைக்கலாம். கலிஃபோர்னியத் திட்டத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே பேட்டரி இறங்காதபடி ஏற்பாடு இருந்தது. ஒரு நாள் வேண்டாமென்றால் அபராதமின்றி விலகவும் முடிந்தது. இப்படி ஆளாளுக்கு விலகினால் மின்நிலையம் எப்படி நம்பகமாகும் என்றால், எண்ணிக்கைதான் அதை ஈடுகட்டுகிறது. 2025 ஜூலை 29 மாலை அந்த மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு பேட்டரிகளை இரண்டு மணி நேரம் சோதித்தபோது சராசரியாக 535 மெகாவாட் கிடைத்தது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல்போல ஒரே இடத்தில் பெரிய பேட்டரி வைத்தால் யூனிட்டுக்கு மலிவாகுமே என்ற வாதமும் சரிதான். அரசு புதிதாகப் பணம் போடுவதென்றால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். வீட்டு பேட்டரியின் கதை வேறு, அதை வீட்டுக்காரர் தன் தேவைக்கு ஏற்கனவே வாங்கிவிட்டார்.

இதில் தீராத குறை அதிகாரம் குவிவதுதான். லட்சம் பேட்டரிகள் ஒரே நிறுவனத்தின் கணினிக்குக் கட்டுப்பட்டால், அங்கே நேரும் ஒரு பிழையோ ஊடுருவலோ லட்சம் வீடுகளையும் தொடும். நடத்துபவரும் மாறலாம். சுமார் 7,000 வீடுகள் கொண்ட தெற்கு ஆஸ்திரேலியத் திட்டத்தையே 2025-இல் டெஸ்லாவிடமிருந்து ஏஜிஎல் என்ற மின்நிறுவனம் வாங்கிக்கொண்டது. சுவரில் மாட்டிய பெட்டி அப்படியே இருக்க, கட்டளையிடும் கை மட்டும் மாறியது. 2025 ஜூலை முதல் அமலான ஆஸ்திரேலிய மத்திய அரசின் மானியம், பேட்டரி இத்தகைய திட்டத்தில் சேரும் தகுதியோடு இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது, சேர்வது அவரவர் விருப்பம். மேற்கு ஆஸ்திரேலியாவின் மாநில மானியமோ சேர்ந்தே ஆகவேண்டும் என்கிறது. முதலாவது ஏற்பாடுதான் சரி. பவர்வால் 2 பொருளாக நன்று, வீட்டுக்கு மட்டும் வாங்கினாலும் குறை சொல்ல முடியாது. கையிருப்பு அளவு உங்கள் கையில், அழைப்புக்கு ஆண்டு வரம்பு, கொடுத்த யூனிட்டுக்குக் கூலி, உத்தரவாதத்துக்குப் பங்கமில்லை என்ற எழுத்து: இந்த நான்கும் இருந்தால் மெய்நிகர் மின்நிலையத்தில் தாராளமாகச் சேரலாம். ஒன்று குறைந்தாலும் அடுத்த நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள்.